கப்பல் நிலவரம்: காவேரிப்பட்டணம்

எங்கள் ஊர்ப் பெயரில் இரண்டு பொய்ச்செய்தி.
காவேரி இங்கே ஓடவில்லை, தென்பெண்ணைதான்.
பட்டணம் என்பார்கள், அலை வந்து தொட்டதில்லை.
இதுவரை யாரும் மறுப்பு கேட்டதில்லை.

ஆனாலும் கடல் வந்தது,
ஜூன் இரண்டாம் வாரம், பதினான்கு விநாடி நீளத்தில்.
கூழ் ஆலை வாசலில் நாற்பது டிராக்டர்.
எல்லார் கையிலும் ஒரே கப்பல் எரிந்தது.
"நம்ம கூழு ஏத்துன கப்பலாம்."
"செங்கடல்ல அடிச்சுட்டானாம்."
கரும்பலகையில் காலையில் எழுதிய பதினொன்றை
வாட்ச்மேன் சட்டைக் கையால் துடைத்து
ஐந்து என்று எழுதினார்.
பிறகு யோசித்து, நாலரை.

திம்மராயனுக்கு மூன்று டன் கிளிமூக்கு.
தார்ப்பாய்க்குள் பழம் வெந்துகொண்டிருந்தது.
"ஏப்பா நிருபரு, அந்தச் செங்கடலு
நம்ம கே.ஆர்.பி. அணையவிடப் பெருசா?"
சொல்லத் தெரியவில்லை.
எனக்குக் கூலி செய்தி ஒன்றுக்கு நூற்றிருபது,
படம் வந்தால் முப்பது கூட.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
தீ ஒரே மாதிரி மூன்று முறை அசைந்தது.
இடது மூலையில், கட்டைவிரல் மறைக்கும் இடத்தில்,
மிச்சமிருக்கும் குண்டுகள்: 27.
அக்கா மகன் எட்டிப் பார்த்து
"இது மூணாவது லெவல் மாமா" என்றான்.

போர் பொய்யில்லை.
எலத்தகிரி லூர்துநாதன் அதற்குள்தான் இருக்கிறான்.
எண்ணெய்க் கப்பலில் மோட்டார்மேன்.
பர்கூர் பள்ளியில் எனக்கு முன்பெஞ்சு.
பத்திரிகைக்காரனிடம் பேசமாட்டேன் என்று
கம்பெனி கையெழுத்து வாங்கியிருப்பதால்
கழிவறையிலிருந்து குரல் அனுப்புவான்:
"மேல ஈ பறக்குற மாதிரி சத்தம்டா.
விளக்கெல்லாம் அணைச்சாச்சு.
மேப்புல பாரு, நாங்க எங்க நிக்கிறோம்னு."
பார்த்தேன்.
பாலைவனத்தில் ஒரு விமான நிலையம்,
அதன் ஓடுபாதையில் நின்றிருந்தது கப்பல்.
யாரோ செயற்கைக்கோளின் குரலில் பேசி
திசைகாட்டிகளை ஏமாற்றுகிறார்களாம்.
மறுநாள் பிலோமினா கேட்டாள்:
"தரையில நிக்குதுன்னா பத்திரம்தானே?"
தலையாட்டினேன்.
அந்த வாரம் நான் வெளியிட்ட பொய்ச்செய்தி
அது ஒன்றுதான்.

கூழ்க் கப்பலையும் தேடினேன்.
ஆப்பிரிக்காவின் அடிமுனையைச் சுற்றிக்கொண்டு
தாமதமாக, ஒரு டப்பாகூட நசுங்காமல்
ஒன்பதாம் தேதியே போய் இறங்கி
பணமும் வந்தாயிற்று.
நூற்றெண்பது சொல்லில் எழுதினேன்.
சேலம் டெஸ்க்கில் அது நாற்பதாகி
"செங்கடல் போரால் மா விலை சரிவு" ஆகி
பக்கத்திலேயே ஆலையின் அரைப்பக்க வாழ்த்து,
மாங்கனிக் கண்காட்சிக்கு.
மீதி நூற்றி நாற்பதை
என் முகநூலில் நானே போட்டேன்.

மூன்றாம் நாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள்.
வதந்தி பரப்பி வியாபாரத்துக்குப் பங்கம்.
அப்படியானால் அந்த வீடியோ?
"அது ஃபார்வர்டு சார், அதுக்கு ஆள் கிடையாது.
இதுலதான் உங்க பேர் இருக்கு."
ரைட்டர் பொன்னரசு நாற்காலி தந்தார், டீ தந்தார்,
என் செல்போனைப் பழுப்பு உறையில் போட்டு
அரக்கு உருக்கினார்.
கிருஷ்ணகிரி சைபர் கிரைமுக்குப் போகணுமாம்,
பத்து நாளோ இருபது நாளோ.

உறைக்குள் லூர்துநாதன்.

திம்மராயன் நாலரைக்குக் கொடுக்கவில்லை.
ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில்
மூன்று டன்னையும் சாய்த்துவிட்டுப் போனார்.
அந்த வழியாக நடந்தபோது
தலைக்கு மேல் சத்தம் கேட்டு உட்கார்ந்துவிட்டேன்.
ஈக்கள்தான்.

இன்று காலை கையெழுத்துப் போடப் போனேன்.
ரிஜிஸ்தரை என் பக்கம் தள்ளிக்கொண்டே
பொன்னரசு சொன்னார்:
"ஆஃப் பண்ண மறந்துட்டோம் சார்.
ராத்திரி உங்க சாட்சியம் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.
உறைக்குள்ள வெளிச்சம் வந்து வந்து போச்சு.
முத்திரைய உடைக்க எனக்கு அதிகாரம் இல்ல.
விடியக்காலை மூணு மணி இருக்கும்,
சார்ஜ் இறங்கிடுச்சு போல."